டர்னர் வரைந்த டிரஃபால்கர்: லண்டன், கிரீன்விச், போர்ட்ஸ்மத் பயணக் குறிப்புகள்

செவ்வாய், லண்டன்

ஒரே ஓர் ஓவியத்துக்காகத்தான் இந்தப் பயணம். ஆங்கில ஓவியர் ஜே. எம். டபிள்யூ. டர்னர் 1822 முதல் 1824 வரை வரைந்த ‘டிரஃபால்கர் போர், 21 அக்டோபர் 1805’. அது இருப்பது கிரீன்விச்சில். ஆனால் டர்னர் அதே போரை அதற்குப் பல வருடங்கள் முன்பே ஒருமுறை வரைந்திருக்கிறார். அதை முதலில் பார்த்துவிட்டு அங்கே போவதுதான் முறை என்று தோன்றியது. லண்டனில் வேலை பார்க்கும் அக்கா மகள் லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறாள். இன்று காலை இருவரும் பிம்லிகோ ஸ்டேஷனில் இறங்கி, டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்துக்கு நடந்தோம்.

போரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்துக்குத் தெற்கே டிரஃபால்கர் முனை. அதற்கு அப்பால் கடலில் பிரெஞ்சு, ஸ்பானிய நாடுகளின் கூட்டுக் கடற்படை 33 பெரிய போர்க்கப்பல்களோடு நின்றது. எதிரே கடற்படைத் தளபதி நெல்சன் தலைமையில் பிரிட்டிஷ் கப்பல்கள் 27. அந்தக் காலத்தில் இரண்டு படைகளும் பக்கவாட்டில் வரிசை கட்டி நின்று சுட்டுக்கொள்வதுதான் வழக்கம். நெல்சன் தன் கப்பல்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, எதிரி வரிசையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு உள்ளே போனார். நெருங்கும் வரை முன்னால் போகும் கப்பல் அடி வாங்கிக்கொண்டே போக வேண்டும், திருப்பிச் சுட வழியில்லை. ஓர் அணிக்கு முன்னால் போனது நெல்சனின் ‘விக்டரி’. மதியம் ஒன்றே கால் மணி வாக்கில் ‘ரெடூட்டபிள்’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத்திலிருந்து வந்த துப்பாக்கிக் குண்டு அவர் தோளில் பாய்ந்தது. நாலரை மணிக்கு இறந்தார். அதற்குள் போரில் வெற்றி உறுதியாகிவிட்டது. பிரிட்டிஷ் தரப்பில் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை.

அந்த டிசம்பரில் நெல்சனின் உடலோடு விக்டரி இங்கிலாந்து திரும்பியபோது டர்னர் தேடிப்போய் அதன் தளங்களை வரைந்தார். மாலுமிகளின் தோற்றத்தையும் உடுப்பையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் டேட்டில் இருக்கும் ஓவியம். 1806இல் முழுதாக முடிக்காமலே தன் சொந்தக் கூடத்தில் காட்டினார், திருத்தி எழுதி 1808இல் மறுபடி காட்சிக்கு வைத்தார்.

விக்டரியின் பின்பாய்மரக் கயிற்றில் ஏறி நின்றுகொண்டு கீழே பார்ப்பதுபோல் இதன் கோணம். எங்கே பார்த்தாலும் புகையும் கிழிந்த பாயும்தான். கப்பல்கள் ஒன்றோடொன்று சொருகிக்கொண்டு, எது யாருடைய பாய்மரம் என்றே பிரித்தறிய முடியவில்லை. தளத்தில் நெல்சன் விழுந்து கிடக்கிறார், சுற்றிலும் ஆட்கள். ஆனால் கண் அவரிடம் நிற்க மாட்டேன் என்கிறது. மேலே எழும் பாய்கள் பார்வையை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. முப்பது வயதைத் தாண்டியிருந்த டர்னர் தளபதியின் மரணத்தை வரைய உட்கார்ந்து, அந்தப் போரின் நெரிசலை வரைந்துவிட்டார் என்று எனக்குப் பட்டது.

டேட்டிலேயே அவருடைய ‘வாட்டர்லூ களம்’ என்ற ஓவியமும் இருக்கிறது. 1815இல் நெப்போலியனை வெலிங்டன் தோற்கடித்த வாட்டர்லூவுக்கு 1817இல் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1818இல் காட்சிக்கு வைத்தார். நெப்போலியனோ வெலிங்டனோ அதில் இல்லை. போர் முடிந்த இரவு. குவியலாகப் பிணங்கள். தீவட்டி வெளிச்சத்தில் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடுகிறார்கள். எந்த உடுப்பு எந்தப் படை என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒன்றாகக் கிடத்தியிருக்கிறார். வெற்றி பெற்று மூன்றே வருடம் ஆன நாட்டில், அந்த வெற்றியை இப்படி ஒருவர் வரைந்திருக்கிறார். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் கிரீன்விச் ஓவியம் புரியும் என்று நினைக்கிறேன்.

புதன், டிரஃபால்கர் சதுக்கம்

நெல்சன் தூண் ஏறத்தாழ 52 மீட்டர் உயரம். உச்சியில் இருக்கும் மனிதரின் முகம் கீழே நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. எல்லோரும் அடியில் இருக்கும் சிங்கச் சிலைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடிப்பீடத்தின் நான்கு பக்கமும் இருக்கும் வெண்கலப் புடைப்புச் சிற்பங்களைப் பார்ப்பவர்கள் குறைவு. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த பீரங்கிகளை உருக்கிச் செய்தவை அவை. நெல்சன் விழும் காட்சியில், கையில் துப்பாக்கியோடு ஒரு கறுப்பின மாலுமி நிற்கிறார். அது சிற்பியின் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. விக்டரியில் இருந்த எண்ணூற்றுச் சொச்சம் பேரில் ஆப்பிரிக்கர், மேற்கிந்தியத் தீவினர், அமெரிக்கர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர்கள்கூட இருந்தார்கள். பிரிட்டிஷ் படையின் ஆள் பட்டியல்களில் இந்தியாவில் பிறந்தவர்களும் உண்டு. நெல்சனுக்கும் நம் பக்கத்துக் கடல் புதிதில்லை. பதின்ம வயதில் ‘சீஹார்ஸ்’ என்ற கப்பலில் வந்து, மதராஸையும் திருகோணமலையையும் பார்த்தவர்தான்.

சதுக்கத்தை ஒட்டியே தேசிய ஓவியக்கூடம். உள்ளே நேராக டர்னரின் ‘ஃபைட்டிங் டெமரேர்’ ஓவியத்துக்கு முன்னால் போய் நின்றோம். விக்டரிக்கு அடுத்து எதிரி வரிசைக்குள் நுழைந்த 98 பீரங்கிக் கப்பல்தான் டெமரேர். 1838இல் கடற்படை அதை உடைப்பவருக்கு விற்றது. தேம்ஸ் வழியாக ரோதர்ஹைத் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் டர்னர் இந்தப் படத்தைக் காட்சிக்கு வைத்தார். உண்மையில் இரண்டு நீராவிப் படகுகள் இழுத்தன, படத்தில் ஒன்றுதான். கப்பலின் பாய்மரங்களை ஏற்கெனவே கழற்றி எடுத்திருந்தார்கள். படத்திலோ மூன்றும் கம்பீரமாக நிற்கின்றன. நடந்ததை நடந்தபடி வரைந்திருந்தால், ஒரு மொட்டைக் கட்டையை இரண்டு படகுகள் இழுக்கும் படமாக இருந்திருக்கும். டர்னர் அந்தக் கப்பலுக்கு அதன் உருவத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பி வைக்கிறார். சாகும் வரை இதை யாருக்கும் விற்கவில்லை.

மாலையில் செயின்ட் பால் தேவாலயத்துக்கும் போனோம். நிலவறையில் குவிமாடத்துக்கு நேர் கீழே நெல்சன். அந்தக் கரும்பளிங்குப் பேழை பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் கார்டினல் வுல்சிக்காகச் செய்யத் தொடங்கியது. உள்ளே இருக்கும் மரப்பெட்டி, 1798 நைல் போரில் வெடித்துச் சிதறிய ‘லோரியான்’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத்தில் செய்தது. அதே நிலவறையில்தான் டர்னரும் இருக்கிறார். கால் வலியால் அதிக நேரம் நிற்கவில்லை.

வியாழன், கிரீன்விச்

ரயிலில் போயிருக்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் படகுத்துறையிலிருந்து படகில் போகலாம் என்று அக்கா மகள் சொன்னாள். நல்ல யோசனை. 1806 ஜனவரி 8 அன்று நெல்சனின் உடலைக் கிரீன்விச்சிலிருந்து ஒயிட்ஹாலுக்குப் படகு ஊர்வலமாகக் கொண்டுவந்த அதே ஆற்றில், எதிர்த்திசையில் போனோம். வழியில் வலப்பக்கம் ரோதர்ஹைத். டெமரேர் கப்பலைப் பலகை பலகையாகப் பிரித்த இடம். இப்போது கரையெல்லாம் அடுக்குமாடி வீடுகள்.

தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். முதலில் நெல்சன் அன்று போட்டிருந்த சட்டையைப் பார்த்தோம். நீல நிறக் கம்பளி மேலங்கி, இடது தோள்பட்டை அருகே சின்னதாக ஒரு ஓட்டை. ஆள் எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறார் என்பது அதைப் பார்த்தால்தான் தெரிகிறது.

அப்புறம் ஓவியம்.

அளவைச் சொன்னால் புரியாது, ஆனாலும் சொல்கிறேன். 2.6 மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய 3.7 மீட்டர் அகலம். டர்னர் வரைந்ததிலேயே பெரியது இதுதான். அரச குடும்பம் அவரிடம் கேட்டு வாங்கிய ஒரே படமும் இதுதான். நான்காம் ஜார்ஜ் மன்னர் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் தொங்கவிடக் கேட்டார். லூதர்பர்க் என்ற ஓவியர் 1795இல் வரைந்த இன்னொரு பெரிய கடற்போர்ப் படத்துக்கு இது ஜோடியாக இருக்க வேண்டும். கூலி 600 கினி (அந்தக் கால பிரிட்டிஷ் பணம்). விக்டரியின் அமைப்பைச் சரியாகத் தெரிந்துகொள்ள, போர்ட்ஸ்மத்தில் நின்ற கப்பலை வரைந்த கடல் ஓவியர் ஷெட்கியிடம் டர்னர் கோட்டோவியங்கள் கேட்டு வாங்கினார். கவனமில்லாமல் போட்ட படம் இல்லை இது.

படத்தின் நடுவே விக்டரி. வெள்ளைப் பாய்கள் மலைபோல் எழுந்து வானத்தையே அடைத்துவிடுகின்றன. முன்பாய்மரம் நெல்சனின் கொடியோடு சாய்ந்து விழுகிறது. அவர் விழுந்ததை டர்னர் அப்படித்தான் சொல்கிறார்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள், “சித்தி, நெல்சன் எங்க?” என்றாள். நானும் தேடினேன். அவர் உருவம் என் கண்ணில் படவில்லை.

சரி, இங்கேதான் இந்த ஓவியத்தின் மேல் உள்ள பழைய குற்றச்சாட்டுக்கு வர வேண்டும். படத்தில் நேரம் குழம்பிக் கிடக்கிறது என்பார்கள். உண்மைதான். ஒவ்வொருவரும் தன் கடமையைச் செய்வார் என்று இங்கிலாந்து எதிர்பார்க்கிறது என்ற புகழ்பெற்ற செய்தியைச் சொல்லும் கொடிகள் பறக்கின்றன. அது போர் தொடங்குமுன், மதியம் பன்னிரண்டுக்குச் சற்று முன்னால். கடமை என்ற சொல் கொடிக் குறியீட்டுப் புத்தகத்தில் இல்லாததால், அதை மட்டும் எழுத்து எழுத்தாக ஏற்றினார்கள். டர்னர் வரைந்திருப்பது அந்த எழுத்துகளைத்தான். பின்பாய்மரத்தின் மேல்பகுதி ஒடிந்தது மதியம் ஒரு மணி வாக்கில். பின்னால் ‘அஷீல்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் எரிகிறது, அது பிற்பகல் கடைசியில். முன்னால் ரெடூட்டபிள் மூழ்குகிறது, அது மறுநாள்! ஒரு நாளுக்கு மேல் நீண்ட காலத்தை ஒரே கணமாக அடைத்து வைத்திருக்கிறார்.

கடற்படைக்காரர்களுக்குக் கோபம் வந்தது. படத்தை அரண்மனையில் மாட்டிய பிறகு, ஒவ்வொருவராக வந்து இந்தக் கயிறு தப்பு, அந்தப் பாய் தப்பு என்று சொல்ல, டர்னர் 11 நாள் அங்கேயே நின்று திருத்தினார் என்று அவருடைய ஓவிய நண்பர் ஜார்ஜ் ஜோன்ஸ் எழுதி வைத்திருக்கிறார். அப்படியும் மன்னருக்குப் படம் ஒட்டவில்லை. 1829இல் கிரீன்விச் கடற்படை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு இந்தக் கயிறு, பாய் வழக்கில் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அவ்வளவு பேர் பார்த்தார்கள், எல்லோரும் மேலேயே பார்த்தார்கள். படத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். நம் கண் மட்டத்தில், நம் காலடியில் வந்து விழுவதுபோல், தண்ணீரில் மனிதர்கள். ஒரு படகு நிறைய ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். உடைந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு சிலர், பிடி நழுவிப் போகும் சிலர், ஏற்கெனவே போய்விட்ட சிலர். நீரில் மிதக்கும் உடைசல்களுக்கு நடுவே, தகுதி உள்ளவனுக்கே வாகை என்ற நெல்சனின் இலச்சினை வாசகத்தின் துண்டுகள். மேலே கடமைக் கொடி. கீழே அந்தக் கடமையைச் செய்து முடித்தவர்கள். தளபதியின் சாவுக்கு ஒரு சாயும் மரம் போதும் என்று விட்டுவிட்டு, தூரிகையின் முழு உழைப்பையும் பெயர் தெரியாதவர்கள் பக்கம் செலவழித்திருக்கிறார்.

ரெடூட்டபிளை ஏன் மறுநாளிலிருந்து இழுத்து வந்தார் என்பதும் இங்கே விளங்குகிறது. அதில் இருந்த 643 பேரில் 300 பேர் செத்து, 222 பேர் காயப்பட்ட பிறகுதான் அது சரணடைந்தது. அதை இழுத்துக்கொண்டு போகும்போது புயல் பிடித்தது. மறுநாள் இரவு, எழுந்து நடக்க முடியாத காயக்காரர்களோடு மூழ்கிப்போனது. பிடித்த கப்பலைக் காக்க அதில் ஏறியிருந்த பிரிட்டிஷ் மாலுமிகளிலும் சிலர் கூடவே போனார்கள். இந்தப் போரில் பிரெஞ்சு, ஸ்பானியத் தரப்பில் குண்டில் செத்தவர்களோடு புயலில் செத்தவர்களும் ஏராளம். அக்டோபர் 21 மாலை நாலரை மணிக்கு நெல்சனோடு போரை முடித்துவிட்டால் இவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். டர்னர் நேரத்தைக் குழப்பியதால்தான் இவர்களுக்குப் படத்தில் இடம் கிடைத்தது.

எரியும் அஷீல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதிலிருந்து தண்ணீரில் குதித்தவர்களில் ஜானெட் என்ற ஒரு பெண்ணும் இருந்தார். கணவரைப் பிரிய மனமில்லாமல் ஆண் உடையில் கப்பலேறியவர். மிதந்துகொண்டிருந்தவரைத் தூக்கிக் காப்பாற்றியது பிரிட்டிஷ் படகு. தங்களைச் சுட்டவர்களையே மாலுமிகள் கடலிலிருந்து இழுத்துத் தூக்கினார்கள் என்பதும் அந்த நாளில் நடந்ததுதான். படத்தில் படகிலிருந்து நீளும் கைகள் யாரை நோக்கி நீள்கின்றன என்று உடுப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை. வாட்டர்லூ படத்தில் செய்ததையே கடலிலும் செய்திருக்கிறார்.

வெளியே வந்து, சாலையைக் கடந்து, ‘பெயின்டட் ஹால்’ என்ற ஓவியப் பெருமண்டபத்துக்குப் போனோம். தார்ன்ஹில் என்ற ஓவியர் 19 வருடம் செலவழித்து வரைந்த கூரை. 1806 ஜனவரியில் நெல்சனின் உடலை மக்கள் பார்க்க வைத்திருந்தது இங்கேதான். மன்னர் தள்ளிவிட்ட டர்னர் ஓவியமும் பிறகு இந்த மண்டபத்துக்குத்தான் வந்தது. கடற்படை மருத்துவமனை என்று பெயரிருந்த இந்த வளாகம் அந்தக் காலத்தில் வயதான, ஊனமான மாலுமிகளின் இல்லம். டிரஃபால்கரில் இருந்து திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அரண்மனைச் சுவரைவிட அந்தப் படத்துக்கு இதுவே சரியான இடம் என்பேன். தண்ணீரில் கிடக்கும் அந்த ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர்கள் இங்கேதான் சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

வெள்ளி, போர்ட்ஸ்மத்

வாட்டர்லூ ஸ்டேஷனில் காலை ரயில். போர்ட்ஸ்மத் ஹார்பர் ஸ்டேஷனில் இறங்கினால் கூப்பிடு தூரத்தில் பழைய கப்பல் தளம். விக்டரி 1922 முதல் இங்கே உலர் துறையில் நிற்கிறது. 2022இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பு வேலை இன்னும் பல வருடம் ஓடும். உளுத்துப்போன வெளிப்பலகைகளைக் கழற்றிப் புது ஓக் பலகை பொருத்துகிறார்கள். சாரமும் மூடாப்புமாக இருப்பதால் வெளியிலிருந்து அழகான போட்டோ கிடைக்காது. அதற்காகப் போகாமல் விட்டுவிடாதீர்கள். பார்க்க வேண்டியது உள்ளேதான்.

1765இல் மிதக்கவிட்ட கப்பல், 104 பீரங்கி. கீழ்ப் பீரங்கித் தளத்தில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்க முடிகிறது. உணவு மேசையும் தூங்கும் தூளியும் பீரங்கிகளுக்கு நடுவிலேயே. தூளிக்கு ஆளுக்கு 14 அங்குல அகலம் என்பது விதி. பாதிப் பேர் காவலில் இருக்கும்போது மீதிப் பேர் தூங்குவதால் சமாளித்தார்கள். டிரஃபால்கரில் இந்தக் கப்பலில் மட்டும் 57 பேர் செத்தார்கள், 102 பேர் காயப்பட்டார்கள்.

அதற்கும் கீழே, நீர்மட்டத்துக்கு அடியில் உள்ள தளத்தில், நெல்சன் இறந்த இடம். அங்கே உத்தரங்கள் இன்னும் தாழ்வு. இதே காட்சியை ஆர்தர் டெவிஸ் என்ற ஓவியர் 1807இல் வரைந்தார். கப்பல் திரும்பியபோது அதில் ஏறி, இறக்கும்போது கூட இருந்தவர்களைப் பார்த்து வரைந்ததால், அது ஆதாரபூர்வமான படம் என்று பெயர் வாங்கியது. அந்த ஓவியத்தில் விக்டரியின் கேப்டன் ஹார்டி நிமிர்ந்து நிற்கிறார். இங்கே வந்து பார்த்தால், அவரைப் போன்ற உயரமானவர் நிமிரவே முடியாது. தளபதியின் மரணத்துக்குக் கண்ணியம் சேர்க்க டெவிஸ் கூரையை உயர்த்திக் கொடுத்தார். டர்னர் நேரத்தை மடித்தது மாலுமிகளுக்காக. இரண்டும் ஓவியனின் உரிமைதான். ஆனால் டர்னரைத்தான் 11 நாள் நிற்க வைத்துத் திருத்தினார்கள் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

துறைமுக வளாகத்திலேயே விக்டரியின் முன் மேல்பாய் இருக்கிறது. போரின்போது கட்டியிருந்த பாய்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். சுமார் 24 மீட்டர் அகலத் துணி, அதில் 90 வாக்கில் குண்டுத் துளைகள். சில துளை வழியாக ஆள் தலையை நுழைக்கலாம். கிரீன்விச்சில் நாங்கள் பார்த்த அந்த வெள்ளை மலை இதுதான் என்று அக்கா மகளிடம் சொன்னேன். அவள் துளைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, டர்னர் பாயில் இவ்வளவு ஓட்டை போட்டிருந்தாரா என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. நானும் அன்று கீழேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. நாங்கள் போன வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் போர்ட்ஸ்மத் போய், அந்தத் தாழ்ந்த தளங்களில் குனிந்து நடந்துவிட்டு, அப்புறம் கிரீன்விச் போங்கள். படகில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பவர்கள் எங்கிருந்து தண்ணீருக்குள் வந்தார்கள் என்பது தெரிந்த பிறகு அந்த ஓவியத்தின் முன்னால் நில்லுங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது வேண்டும். அருகே போய்க் கீழ்ப்பகுதியை முதலில் பாருங்கள், பாய்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.